கல்மேசையருகே சூசன்

நார்னியாக் கதைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இருவகை வாசகரை நாம் எதிர்கொள்கிறோம். முதல்வகையினரின் கையில் ஒரு சாவிக்கொத்து இருக்கும். ஆஸ்லான் என்னும் சிங்கம் கிறிஸ்து, கல்மேசை சிலுவை, வெள்ளைச் சூனியக்காரி சாத்தான், எட்மண்ட் யூதாஸ் என்று ஒவ்வொரு பூட்டாகத் திறந்து காட்டிவிட்டு, அவ்வளவுதான் கதை என்பார்கள். இரண்டாம் வகையினர் ஏமாற்றத்திற்கு ஆளானவர்கள். சிறுவயதில் சிங்கத்துக்காகவும் பனிக்காட்டுக்காகவும் படித்த நூலுக்குள் ஒரு பிரசங்கம் ஒளிந்திருந்தது பின்னாளில் தெரியவந்ததும், தம் பால்யத்தையே யாரோ களவாடிவிட்டதைப் போலக் கோபம் கொள்பவர்கள். கோபம் நியாயமற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இரு சாராரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகிறார்கள். இருவருக்குமே கதை என்பது மாத்திரையின்மேல் பூசிய சர்க்கரைதான். ஒருவர் மாத்திரை நல்லது என்கிறார். மற்றவர் நஞ்சு என்கிறார்.

நம் எண்ணம் இவ்விரண்டுக்கும் அப்பால் செல்வது. இக்கதைகளிலுள்ள கிறிஸ்தவக் குறியீடுகளை இவர்கள் இருவரும் எடுத்துக்கொள்வதைவிடத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்துக்கொண்டால், அவை ஆசிரியரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற ஓர் இடம் வருகிறது. அந்த இடத்தின் பெயர் சூசன்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சிறிது. 1898இல் பெல்ஃபாஸ்டில் பிறந்த சி. எஸ். லூயிஸ் நார்னியாக் கதைகள் ஏழையும் 1950 முதல் 1956 வரை ஆண்டுக்கொன்றாக வெளியிட்டார். இடைக்கால ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர். இளமையில் நாத்திகர். பின்னர் மெல்லக் கடவுள் நம்பிக்கைக்குத் திரும்பியவர், கிறிஸ்துவிடம் வந்து சேராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். 1931 செப்டம்பரில் ஓரிரவு, ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரி நடைபாதையில் டோல்கீனும் ஹியூகோ டைசனும் அவருடன் உலவியபடி நெடுநேரம் உரையாடினர். பழைய தொன்மங்களில் ஒரு தேவன் மாண்டு மீளும் கதையைப் படித்தால் லூயிஸ் உருகுவார். அதே கதை சுவிசேஷத்தில் வரும்போது உருகமாட்டார். ஏன் என்பதே அன்றைய பேச்சின் மையம். கிறிஸ்துவின் கதையும் ஒரு தொன்மமே, ஆனால் உண்மையில் நிகழ்ந்த தொன்மம் என்று நண்பர்கள் வாதிட்டனர். சில நாள்களில் லூயிஸ் கிறிஸ்தவரானார்.

இந்த வரலாறு நமக்கு ஏன் முக்கியம் என்றால், கதை வழியாகவே மதத்துக்கு வந்த ஒருவர் கதையைச் சர்க்கரைப் பூச்சாகக் கருதியிருக்க முடியாது. 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவரே இதைச் சொல்கிறார். குழந்தைகளுக்குக் கிறிஸ்தவத்தை எப்படிப் புகட்டுவது என்று திட்டமிட்டு நார்னியாவை எழுதவில்லை. முதலில் வந்தவை படங்கள். பனிக்காட்டில் குடை பிடித்து நடக்கும் ஆட்டுக்கால் மனிதன், சறுக்குவண்டியில் ஓர் அரசி, கம்பீரமான ஒரு சிங்கம். கிறிஸ்தவம் பிறகு தானாக உள்ளே நுழைந்தது என்பது அவர் தரும் வாக்குமூலம். குடையுடன் வந்த அந்த உருவம் பதினாறு வயதிலிருந்தே தம் மனத்தில் இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். எழுத்தாளர் தம்மைப் பற்றிச் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாதுதான். எனினும் முதல் நூலைப் படிப்பவர் இதை நம்புவார். கிறிஸ்துமஸ் தாத்தாவும் கிரேக்கப் புராணத்து உயிர்களும் பேசும் நீர்நாய்களும் ஒரே காட்டில் உலவுகிற கதையை எந்த வேதபாடத் திட்டமும் பெற்றெடுக்காது. டோல்கீனுக்கு இந்தக் கலவை பிடிக்கவே இல்லை என்பது நாடறிந்த செய்தி.

தம் கதைகள் உருவகக் கதைகள் அல்ல என்று லூயிஸ் வாசகர்களுக்கு எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். நார்னியா என்றொரு உலகம் இருந்து, அதற்கும் மீட்பு தேவைப்பட்டு, அங்கே தேவகுமாரன் வந்தால் என்னவாக வருவான்? இந்த 'வைத்துக்கொள்வோம்' என்பதிலிருந்துதான் ஆஸ்லான் பிறந்தான் என்பது அவர் விளக்கம். தமிழ் படித்தவர்க்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையை எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியமாக நமக்குத் தந்தார். அது முழு உருவகம். அதிலே பயணியின் முதுகிலுள்ள சுமை பாவச் சுமை என்று அறியாதவனுக்குக் கதையே இல்லை. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறையோ வேறு. அங்கே எருமையும் தாமரையும் முதலில் எருமையும் தாமரையும்தான். உள்ளே உறையும் பொருளைக் காணாதவனுக்கும் பொய்கை பொய்கையாகவே நிறைந்திருக்கும். கண்டவனுக்கு அது இரட்டிக்கும். நார்னியாவின் சிறந்த பகுதிகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பது நம் துணிபு.

கல்மேசைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுத்த எட்மண்டின் உயிர், ஆதிநாள் விதிப்படி சூனியக்காரிக்கு உரியது. ஆஸ்லான் அவனுக்குப் பதிலாகத் தன்னைத் தருகிறான். இறையியல் தெரிந்தவர் இங்கே ஒன்றைக் கவனிப்பார். பதினோராம் நூற்றாண்டு இறுதியில் அன்செல்ம் வகுத்த கொள்கைப்படி, மனிதனின் கடன் கடவுளிடம். சிலுவை கடவுளின் மாண்புக்குச் செலுத்தப்பட்ட ஈடு. லூயிஸின் கதையிலோ கடன் சூனியக்காரியிடம் இருக்கிறது. இது அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய பழங்கருத்து. பாவிகள்மீது சாத்தானுக்கு ஓர் உரிமை உண்டு, குற்றமற்றவனை விழுங்கியதால் அவன் அந்த உரிமையை இழந்தான் என்பது அதன் சாரம். நீசா நகரத்துக் கிரெகரி இதைத் தூண்டிலில் சிக்கிய மீனுக்கு ஒப்பிட்டார். படித்த இறையியலர் கூச்சத்தோடு ஒதுக்கிவைத்த இப்பழைய கருத்தைக் குழந்தைக் கதை சற்றும் கூச்சமின்றி எடுத்துக்கொள்கிறது. ஏனெனில் அதில் கதை இருக்கிறது. ஒருவன் ஏமாந்து போகிறான். அன்செல்மின் கணக்கில் கதை இல்லை.

ஆனால் இதையெல்லாம் அறியாத பத்து வயதுச் சிறுமி அந்த அத்தியாயத்தில் எதைக் காண்கிறாள்? தூக்கம் வராத இரண்டு பெண்பிள்ளைகளைக் காண்கிறாள். சூசனும் லூசியும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, தலை குனிந்து தனியே நடக்கும் சிங்கத்தைப் பின்தொடர்கிறார்கள். தனக்குத் துக்கமாக இருக்கிறது, பிடரியில் கை வைத்துக்கொண்டு உடன் வாருங்கள் என்கிறான் அவன். கெத்செமனே தோட்டத்து இரவு இது என்பது கிறிஸ்தவ வாசகருக்கு உடனே புலப்படும். அங்கே ஆண்டவர் விழித்திருக்கச் சொன்ன சீடர்கள் உறங்கிவிட்டனர். இங்கே சிறுமியர் உறங்கவில்லை. மூலத்தை நகலெடுப்பவன் இந்த மாற்றத்தைச் செய்யமாட்டான். அந்த இரவில் யாரேனும் ஒருவர் விழித்திருந்திருக்கலாகாதா என்று ஏங்கியவனே செய்வான்.

பிறகு பிடரி மயிரை மழிக்கிறார்கள், வாயைக் கட்டுகிறார்கள், கொல்கிறார்கள். கூட்டம் போனபின் சிறுமியர் சென்று அழுகிறார்கள். வாய்க்கட்டை விரல்கள் மரத்துப்போகும் குளிரில் அவிழ்க்கிறார்கள். கயிறுகளை அவர்களால் அவிழ்க்க முடியவில்லை. சுண்டெலிகள் வந்து கடித்து அறுக்கின்றன. அந்த எலிகளுக்கு வேதத்தில் இணை எதுவும் இல்லை. எந்தச் சாவியும் அந்தப் பூட்டைத் திறக்காது. நமக்கோ அந்த அத்தியாயத்திலேயே மறக்க முடியாதவை அவைதாம். விடியற்காலை மேசை இரண்டாகப் பிளக்கிறது. திரும்பிப் பார்க்கிறார்கள், உடல் இல்லை. உயிர்த்தெழுந்த சிங்கத்தை முதலில் கண்டவர்கள் சூசனும் லூசியும். அண்ணன் பீட்டர் அங்கே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

எட்மண்டை யூதாஸ் என்பது பாதிதான் சரி. அவன் சபலப்பட்டது டர்கிஷ் டிலைட் என்னும் இனிப்புக்கு. அந்நூல் வெளிவந்த 1950இல் பிரிட்டனில் மிட்டாய்க்கு இன்னும் ரேஷன் இருந்தது; 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. எட்மண்டின் ஆசையை அன்றைய குழந்தைகள் எவ்வளவு அந்தரங்கமாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்! பாவம் என்பது எங்கோ தொலைவில் உள்ள பெருங்குற்றம் என்ற நினைப்பை அந்த ஒரு பெட்டி மிட்டாய் உடைத்துவிடுகிறது. யூதாஸ் தூக்கிட்டுக்கொண்டான். எட்மண்டோ மன்னிக்கப்பட்டு அரசனாகிறான். நீதிமான் என்று பெயர் பெறுகிறான்.

ஏழில் நாம் மிக உயர்வாகக் கருதுவது ஆறாவதாக, 1955இல் வந்த நூலை. ஆஸ்லான் நார்னியாவைப் பாடிப் படைக்கும் கதை அது. அதில் ஏதேன் தோட்டம் உண்டு, மரம் உண்டு, கனி உண்டு, உண்ணத் தூண்டும் குரலும் உண்டு. ஆதியாகமத்தில் தூண்டில் முள்ளில் கோத்த இரை அறிவு. தேவர்களைப் போல் ஆகலாம் என்ற ஆசை. இங்கே டிகரி என்ற சிறுவனின் தாய் மரணப்படுக்கையில் இருக்கிறாள். கனியைத் திருடிக்கொண்டு போனால் அவளைக் காப்பாற்றலாம் என்கிறாள் சூனியக்காரி. ஆதாம் ஏவாளின் சோதனையைவிடக் கொடிய சோதனை இது. இங்கே மீறத் தூண்டுவது அன்பு. லூயிஸுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1908இல், அவர் தாய் புற்றுநோயால் இறந்தார். டிகரி தன் துயரைச் சொல்லி நிமிர்ந்து பார்க்கும்போது சிங்கத்தின் கண்களில் தன்னுடையவற்றைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகளைக் காண்கிறான். இந்த இடத்தில் குறியீட்டைக் கண்டுபிடித்துச் சொல்பவரைப் பார்த்தால் நமக்குச் சற்றுப் பரிதாபமே தோன்றுகிறது. கனி திருடப்படவில்லை, கொடுக்கப்படுகிறது, தாய் பிழைக்கிறாள். தம் வாழ்க்கையில் கிடைக்காத முடிவை எழுத லூயிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தார்.

மூன்றாம் நூலில் டிராகனாகிவிட்ட யூஸ்டஸின் தோலைச் சிங்கம் உரித்து நீரில் எறிவது திருமுழுக்கு என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். தன் தோலைத் தானே மும்முறை உரித்தும் அவனால் அது இயலவில்லை என்பதே அதில் கவனிக்கத்தக்கது.

இனி 1956இல் வந்த 'கடைசிப் போர்'. அவ்வாண்டுக்கான கார்னிகி பதக்கம் பெற்ற நூல். சிங்கத்தோல் போர்த்திய கழுதை, அதை ஆட்டுவிக்கும் குரங்கு, பொய்க் கிறிஸ்து, உலக முடிவு என்று வெளிப்படுத்தின விசேஷத்தின் நிழல் நெடுக விழுகிறது. தெற்கு நாட்டுக் கலோர்மன்கள் கருத்த முகமும் தலைப்பாகையும் வளைந்த வாளுமாகச் சித்திரிக்கப்பட்ட விதம் குறித்து எழுந்த கண்டனங்கள் நியாயமானவை. அதற்குச் சமாதானம் சொல்ல நாம் முனையவில்லை. ஆயினும் அந்த நாட்டிலிருந்தே எமெத் என்னும் வீரன் வருகிறான். வாழ்நாளெல்லாம் டாஷ் என்ற வேற்றுத் தெய்வத்தை உண்மையாகத் தொழுதவனை ஆஸ்லான் ஏற்றுக்கொள்கிறான். எபிரெயத்தில் எமெத் என்றால் உண்மை. லூயிஸ் தம் ஆசானாகக் கருதிய ஜார்ஜ் மெக்டொனால்ட், மற்ற மதத்தாருக்கும் மீட்பு உண்டு என்ற சாயலில் பிரசங்கித்ததால் சபையாரின் அதிருப்திக்கு ஆளாகி 1853இல் போதகர் பணியைத் துறந்தவர். குருவின் அந்தத் தாராளம் சீடரிடம் எமெத்தாக வந்து நிற்கிறது.

வேற்றுத் தெய்வத்தைத் தொழுதவனுக்குத் திறந்த கதவு சூசனுக்குத் திறக்கவில்லை. இறுதியில் எல்லோரும் கூடுமிடத்தில் அவள் மட்டும் இல்லை. எங்கே என்று கேட்டால், இப்போது அவளுக்கு நைலான் காலுறையும் உதட்டுச்சாயமும் விருந்தழைப்புகளுமே பெரிது, நார்னியாவைச் சிறுவயது விளையாட்டு என்று சிரிக்கிறாள் என்கிறார்கள். பெரியவளாகிவிட்டதால் ஒரு பெண் சொர்க்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டாள் என்று ஃபிலிப் புல்மன் 1998இல் கார்டியன் நாளிதழில் கடுமையாக எழுதினார். லூயிஸின் அன்பர்களிடம் இதற்குச் சில பதில்கள் உண்டு. முதியவர்களான டிகரியும் போலியும் உள்ளே இருக்கிறார்களே, ஆகவே வளர்வது குற்றமாகவில்லை. ஐந்தாம் நூலில் சூசன் மணம்பேசப்படும் அரசியாக, முழுப் பெண்ணாகவே வருகிறாள். அவள் நரகத்துக்கு அனுப்பப்படவும் இல்லை, உயிரோடுதான் இருக்கிறாள். இப்பதில்கள் பொய்யல்ல. போதுமானவையும் அல்ல.

புல்மனின் விமரிசனம் வெளியிலிருந்து வருகிறது. கிறிஸ்தவமே தவறு, ஆகவே அதன் கதையும் தவறு என்பது அதன் போக்கு. (இதற்கு மாற்றாக அவர் படைத்த முத்தொகுதியின் கடைசி நூலில், முன்னாள் கன்னியாஸ்திரீ ஒருத்தி தான் நம்பிக்கை இழந்த கதையைப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து விளக்குகிறாள். பிரசங்கபீடம் திசை மாறியிருக்கிறது, உயரம் குறையவில்லை. இத்தனைக்கும் அதன் முதல் நூல் அற்புதமானது.) இதைவிட வலுவான விமரிசனம் லூயிஸின் குறியீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது.

சூசன் யார்? கல்மேசையருகே விழித்திருந்தவள். வாய்க்கட்டை அவிழ்த்தவள். உயிர்த்தெழுந்தவனை முதலில் கண்ட இருவருள் ஒருத்தி. சுவிசேஷத்தில் அந்த இடத்தில் நிற்பவர்கள் மகதலேனா மரியாளும் மற்றப் பெண்களும். கல்லறைக்கு விடியுமுன் போனவர்கள் அவர்கள். அவர்கள் வந்து சொன்ன செய்தியை அப்போஸ்தலர்கள் வீண்பேச்சாக எண்ணி நம்பவில்லை என்று லூக்கா எழுதுகிறார். கிறிஸ்தவம் தன் முதல் சாட்சியாகப் பெண்ணைக் கொண்டது. லூயிஸ் அதை அறிந்தே சிறுமியரைக் கல்மேசையருகே நிறுத்தினார் என்று நாம் நினைக்கிறோம். ஆறு ஆண்டுகள் கழித்து அதே கையால் அந்தச் சாட்சியைக் கதையிலிருந்து அகற்றினார். அவள் இனி நார்னியாவின் தோழி அல்ல என்று சுருக்கமாக அறிவிப்பவன் யார் தெரியுமா? பீட்டர். அந்த இரவில் மேசையருகே இல்லாதவன். அவளை அறியேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதே பெயருடைய சீடன், சேவல் கூவுமுன், குளிர்காயும் நெருப்பருகே சொன்ன சொற்கள் நம் காதில் விழாமல் இல்லை. லூயிஸ் இதை நினைத்து எழுதியிருப்பார் என்று நாம் வாதிடவில்லை. நினையாமல் எழுதினார் என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது. உயிருள்ள குறியீட்டைக் கதைக்குள் அழைத்தவன், அது எங்கெங்கே திரும்பிப் பார்க்கும் என்பதைத் தீர்மானிக்க முடியாது.

காட்டிக்கொடுத்த எட்மண்டுக்காகச் சிங்கம் உயிரைத் தந்தது. மறந்துபோன சூசனுக்காக யாரும் ஒரு சொல் வருந்தவில்லை. பேச்சு சட்டென்று பழங்களின் சுவைக்குத் தாவுகிறது. முதல் நூலின் நீதிப்படி இந்தக் காட்சி நில்லாது. உதட்டுச்சாயத்துக்கு டர்கிஷ் டிலைட்டைவிட அதிகத் தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இந்நூல்களைப் பிள்ளைகள் கையில் கொடுப்போர்க்கு ஒரு தயக்கம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுவதா, மறைப்பதா? மதம் புகுந்துவிடும் என்று அஞ்சுவோரும், புகவில்லையே என்று கவலைப்படுவோரும் ஒரேபோல் அவசரப்பட்டுச் சாவியை நீட்டிவிடுகிறார்கள். 1955இல் ஒன்பது வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன், இயேசுவைவிட ஆஸ்லானைத் தான் அதிகம் நேசிப்பதாக அஞ்சினான். அவன் தாய் எழுதிய கடிதத்துக்கு லூயிஸ் மிகப் பரிவோடு மறுமொழி எழுதினார். ஆஸ்லானிடம் அவன் நேசிப்பவை இயேசு செய்தவையும் சொன்னவையுமே, ஒருவேளை அந்தச் சிங்க உடல் மட்டும் கூடுதலாகப் பிடித்திருக்கலாம் என்று. அந்தச் சிறுவனின் அச்சத்துக்குக் காரணம் சாவி அவன் கைக்கு முந்தி வந்துவிட்டதே. பிள்ளை முதலில் சிங்கத்தின் பிடரியில் கை வைத்து நடக்கட்டும். அது இந்துப் பிள்ளையோ, முஸ்லிம் பிள்ளையோ, கிறிஸ்தவப் பிள்ளையோ, துக்கம் எல்லோருக்கும் புரியும். ஏழாம் நூலை முடித்துவிட்டுச் சூசன் ஏன் இல்லை என்று அது கேட்கும். பெரும்பாலும் கேட்கும். அப்போது மகதலேனா மரியாளின் கதையைச் சொல்லலாம்.

லூயிஸும் கேட்கப்பட்டார். 1957 ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில், சூசனுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதை நூல்கள் சொல்லவில்லை என்றும், அவள் திருந்தக் காலம் இருக்கிறது என்றும், தன் வழியில் அவளும் ஒருநாள் ஆஸ்லானின் நாட்டை அடையலாம் என்றும் எழுதினார். அந்தக் கதையை அவர் எழுதவில்லை. 1963 நவம்பரில் மறைந்தார். 2004இல் நீல் கெய்மன், உடன்பிறந்தோரின் உடல்களை அடையாளம் காட்ட நேர்ந்த ஒரு முதிய பேராசிரியையைக் கற்பனை செய்து சிறுகதை எழுதினார். கசப்பான கதை, கடைசிப் பகுதி நமக்கு உவப்பாக இல்லை. ஆனால் அவர் தொட்ட இடம் சரியான இடம். 'கடைசிப் போர்' நூலில் மற்றவர்கள் எல்லோரும், பெற்றோர் உட்பட, ஒரே ரயில் விபத்தில் இறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு காலை வேளையில் இருபதைத் தாண்டிய ஓர் இளம்பெண்ணுக்குச் செய்தி வருகிறது. இரு சகோதரர்களையும் தங்கையையும் தாய்தந்தையரையும் அடக்கம் செய்ய அவள் ஒருத்திதான் மிச்சம். அவள் மறுபடியும் இறந்தவர்களின் அருகே போய் நிற்க வேண்டும். இம்முறை லூசி உடன் இல்லை.